நீலம் எங்கே போனது?

பிராக்டிகல் நெருங்குகிற வாரத்தில் ரெக்கார்டு நோட்டுகள் வீட்டுக்கு வீடு கைமாறும். போன வருஷம் அக்கா எழுதியதைப் பார்த்து இந்த வருஷம் தங்கை எழுதுவாள். உமிழ்நீர் அமைலேஸ் சோதனையின் அட்டவணை லேபுக்குப் போகும் முன்பே நிரம்பியிருக்கும்: 37 டிகிரியில் நிறம் மாறியது, ஐஸில் மாறவில்லை, கொதிக்க வைத்ததில் மாறவில்லை. குழாயைத் தொடும் முன்பே விடை தெரிந்துவிடுவதால் வருகிற சங்கடம் ஒன்று உண்டு. அன்றைக்கென்று 37 டிகிரிக் குழாயும் நீலமாகவே நின்றுவிட்டால் என்ன செய்வதென்று தெரியாது. கண் தானாகப் பக்கத்து மேசைக்குப் போகும்.

டீ ஆறட்டும், மெதுவாகவே பேசுவோம். இந்தச் சோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டார்ச்சை உடைக்கிற அமைலேஸ் என்ற நொதியை நீங்கள் இதில் பார்ப்பதே இல்லை. நொதி செய்கிற வேலையையும் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் அயோடினின் நிறத்தைத்தான். ‘இங்கே ஸ்டார்ச் இருக்கிறது’, ‘இங்கே இல்லை’ என்ற இரண்டைத் தவிர அயோடினுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அதை வைத்து, நொதி வேலை செய்தது என்று நாம்தான் ஊகிக்கிறோம். ஸ்டார்ச் இருக்கும்போதே ‘இல்லை’ என்று அயோடினைச் சொல்ல வைக்க வேறு வழிகளும் உண்டு. லேபில் நடக்கிற குளறுபடிகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

அயோடின் பட்டால் ஸ்டார்ச் நீலமாகிறது என்பதை 1814-இல் பிரான்சில் கண்டறிந்தார்கள். அதன் காரணம் அழகானது. ஸ்டார்ச்சில் அமைலோஸ் என்றொரு பகுதி இருக்கிறது. குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. அது சுருள் கம்பி போலச் சுருண்டிருக்கும். சுருளுக்குள் இருக்கிற குழாய் போன்ற இடத்தில் அயோடின் வரிசையாகப் போய் உட்காரும்போது கருநீலம் வருகிறது. சுருள் நீளமாக இருக்கும்வரைதான் அந்த நீலம். அமைலேஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்ட வெட்ட, சுருள் சின்னதாகிக்கொண்டே போகும். நீலம் ஊதாவாகும், பிறகு செம்பழுப்பாகும், கடைசியில் அயோடினின் சொந்த நிறம் மட்டும் மிஞ்சும். பால் சேர்க்காத லேசான டீயின் நிறம். வெள்ளைப் பீங்கான் தட்டில் வரிசையாக அயோடின் சொட்டுகளை வைத்து, ஒவ்வொரு நிமிஷமும் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அடுத்தடுத்த குழியில் விட்டால், இந்த நிறங்கள் எல்லாம் இடமிருந்து வலமாக வரிசை கட்டி நிற்கும். பள்ளி உயிரியலில் இதைவிட அழகான காட்சிகள் குறைவு என்பேன்.

கடைசிச் சொட்டைப் பலர் ‘நிறமற்றது’ என்று எழுதுகிறார்கள். பாடப் புத்தகத்தில் ‘நிறமற்ற புள்ளி’ என்று இருப்பதால் வந்த வினை. அந்தச் சொட்டு நிறமற்றதாக இருக்காது. அயோடினின் மஞ்சள் பழுப்பு அதில் இருக்கத்தான் செய்யும். கண்ணால் பார்த்ததை எழுதுகிற கட்டத்தில் ‘நீலம் தோன்றவில்லை, அயோடினின் நிறம் மட்டும் உள்ளது’ என்று எழுதுங்கள். ‘ஸ்டார்ச் முழுவதும் சிதைந்தது’ என்பது அடுத்த கட்டத்துக்கு, அதாவது அறிதல் என்ற கட்டத்துக்கு உரியது. இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிற நோட்டைப் பார்த்தாலே எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்குப் பாதி திருப்தி.

இப்போது கரைசல்களுக்கு வருவோம். ஒரு கிராம் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதைக் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறி, மொத்தம் 100 மில்லியாக்கி ஆறவிட்டால் ஒரு சதவீதக் கரைசல். கொதிக்க வைப்பது வெறும் கரைப்பதற்காக அல்ல. பச்சை ஸ்டார்ச் மணிமணியாக இறுகியிருக்கும். அமைலேஸுக்கு உள்ளே நுழைய வழி கிடைக்காது. வெந்து விரிந்தால்தான் சங்கிலிகள் கைக்கு எட்டும். வைவாவில் இதைக் கேட்பார்கள். அன்றன்று காய்ச்சியதுதான் நம்பகமானது. நாள்பட்ட கரைசலில் கிருமிகள் குடியேறி, நீங்கள் கேட்காமலேயே ஸ்டார்ச்சை உடைக்க ஆரம்பித்திருக்கும்.

உமிழ்நீர் எடுக்கும் முன் வாயைத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். சாப்பிட்ட சோற்றின் மிச்சம் வாயில் இருந்தால், சோதனைக் குழாயில் நீங்கள் போடாத ஸ்டார்ச்சும் சர்க்கரையும் சேர்ந்துவிடும். எடுத்ததைப் பஞ்சு வழியாக வடிகட்டி, ஒரு மில்லிக்குப் பத்து முதல் இருபது மில்லி தண்ணீர் சேர்த்து நீர்க்க வையுங்கள். நீர்க்காமல் விட்டால் முதல் நிமிஷத்துக்குள்ளேயே நீலம் காணாமல் போய்விடும். அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. அவரவர் உமிழ்நீரை அவரவர் மட்டும் கையாளுவதும், முடிந்ததும் குழாய்களை அவரவரே கழுவி வைப்பதும் நல்லது.

கூடவே ஒரு மில்லி உப்புக் கரைசல் சேர்ப்பார்கள். எதற்கென்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் விழிப்பார்கள். உப்பிலிருக்கிற குளோரைடு அயனி உமிழ்நீர் அமைலேஸைத் தூண்டிவிடுகிறது. உமிழ்நீரிலேயே கொஞ்சம் குளோரைடு இருந்தாலும் நாம் அதை நீர்க்க வைத்துவிட்டோம் இல்லையா, அந்தக் குறையை உப்பு நிரப்புகிறது.

உங்கள் குழாய் மூன்று நிமிஷத்தில் முடிந்து, பக்கத்து மேசைக்காரருடையது எட்டு நிமிஷம் இழுத்தால் யாரும் தப்புச் செய்ததாக அர்த்தமில்லை. உமிழ்நீர் அமைலேஸுக்கான மரபணு எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையில் இல்லை. சிலரிடம் இரண்டே பிரதிகள், சிலரிடம் பத்துக்கும் மேல். பிரதி கூடினால் உமிழ்நீரில் நொதியும் கூடுவது வழக்கம். 2007-இல் வந்த ஓர் ஆய்வு, கிழங்கு தோண்டிச் சாப்பிடுகிற தான்சானியாவின் ஹட்சா மக்கள் போன்ற மாவுச்சத்து மிகுந்த உணவுக்காரர்களிடம் இந்தப் பிரதிகள் சராசரியாக அதிகம் என்றும், சைபீரியாவின் யாகூத் மக்கள் போன்று மீனையும் இறைச்சியையும் நம்பியவர்களிடம் குறைவு என்றும் காட்டியது. ஆக, பக்கத்து மேசையின் நேரத்தைக் காப்பியடிப்பதில் அறிவியல்படியும் அர்த்தமில்லை.

வெப்பநிலைக்கு வருவோம். மூன்று பீக்கர்: ஐஸ், 37 டிகிரி, சூடான தண்ணீர். இங்கே அடிக்கடி நடக்கிற தவறு, ஸ்டார்ச்சையும் உமிழ்நீரையும் முதலில் கலந்துவிட்டு அப்புறம் பீக்கரில் வைப்பது. ஐஸின் குளிர்ச்சி குழாய்க்குள் இறங்குவதற்குள் நொதி பாதி வேலையை முடித்திருக்கும். இரண்டையும் தனித்தனிக் குழாய்களில் ஐந்து நிமிஷம் அந்தந்தப் பீக்கரில் வைத்து, இரண்டும் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு கலக்க வேண்டும். நேரம் எண்ணுவது கலந்த நொடியிலிருந்து.

‘அறை வெப்பநிலை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஊட்டியில் இருக்கிற அறையும் வேலூரில் இருக்கிற அறையும் ஒன்றா? வெயில் ஏறிய மத்தியானத்தில் நம் ஊர் லேப் பல நாள் 34, 35 டிகிரியைத் தொட்டுவிடும். அறைக் குழாயும் 37 டிகிரிக் குழாயும் ஒரே வேகத்தில் போனால் அதில் ஆச்சரியமில்லை. தெர்மாமீட்டரில் பார்த்த எண்ணை எழுதுங்கள்.

சூடான பீக்கரில்தான் அயோடின் முதல் தடவை ஏமாற்றுகிறது. சூட்டில் ஸ்டார்ச்சின் சுருள் தளர்ந்துவிடும். உள்ளே உட்கார்ந்த அயோடின் வெளியே வந்துவிடும். நீலமாக இருக்கிற ஸ்டார்ச் கரைசலைக் காய்ச்சினால் நிறம் மறையும், ஆறினால் திரும்ப வரும். இது தெரியாமல் கொதிநீரிலிருந்து எடுத்த குழாயில் நேராக அயோடினை விட்டுவிட்டு, ‘கொதிக்க வைத்த நொதியும் ஸ்டார்ச்சைச் செரித்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. தட்டில் ஒரு சொட்டு எடுத்து ஆறவிட்டுப் பார்த்தால் இந்தச் சிக்கல் வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சூடான பீக்கரை 60 டிகிரியில் வைத்துவிட்டு, அங்கே நொதி உடனே செயலிழந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். உமிழ்நீர் அமைலேஸ் அவ்வளவு மெல்லியது அல்ல. அதற்குள் கால்சியம் அயனி உட்கார்ந்து அதன் மடிப்பைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. 50 டிகிரியில் ஆரம்பத்தில் 37-ஐவிட வேகமாகக்கூட வேலை செய்யலாம். நேரம் போகப் போகத்தான் சூடு அதைக் கலைக்கும். 60 டிகிரியிலும் கலைவதற்கு முன் கொஞ்சம் வேலை நடந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் நான் சொல்வது: ‘செயலிழந்த நொதி’ என்று காட்ட வேண்டுமானால் உமிழ்நீரைத் தனியாக ஐந்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, 37 டிகிரியில் ஸ்டார்ச்சுடன் கலந்து பாருங்கள். அதில் குழப்பமே இராது.

ஐஸ் குழாயும் கொதித்த குழாயும் அட்டவணையில் ஒரே மாதிரி தெரியும், இரண்டும் நீலம். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு. ஐஸில் மூலக்கூறுகள் மெதுவாக நகர்வதால் நொதியும் ஸ்டார்ச்சும் மோதிக்கொள்வது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். நொதிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொதித்ததில் அந்தப் புரதத்தின் மடிப்பே கலைந்துபோயிற்று. இதை நிரூபிக்கப் பத்து நிமிஷம் போதும். இரண்டு குழாய்களையும் எடுத்து 37 டிகிரிப் பீக்கரில் வையுங்கள். ஐஸிலிருந்து வந்தது கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும். கொதித்தது அப்படியே நிற்கும். ரெக்கார்டில் கேட்காத இந்த ஒரு படியைச் செய்து எழுதுகிற பிள்ளைக்கு வைவாவில் பெரிதாகக் கேள்வி மிச்சமிருக்காது.

‘நொதி இறந்துவிட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். நொதிக்கு உயிர் இல்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. நொதித்தல் நடக்க உயிருள்ள ஈஸ்ட் வேண்டும் என்பது பாஸ்டர் தரப்பு. 1897-இல் ஜெர்மனியில் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, ஒரு செல்கூட இல்லாத சாற்றில் சர்க்கரை சாராயமாவதைக் காட்டினார். 1907-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நொதி புரதம்தான் என்பது அதற்கும் பிறகு, 1926-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸைப் படிகமாக்கிய பிறகே தெளிவாகத் தொடங்கியது. ஆகவே ‘இயல்பிழந்தது’ என்று எழுதுங்கள்.

அடுத்து அமில-காரச் சோதனை. இன்று மண்ணிலிருந்து ஷாம்பு வரை எல்லாவற்றுக்கும் அளக்கிற பிஎச் அளவுகோலே நொதி ஆராய்ச்சியில் பிறந்ததுதான். 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சென், நொதிகளின் வேலை அமிலத்தன்மையைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று அளக்கப் போனபோது அதை வகுத்தார். உமிழ்நீர் அமைலேஸுக்கு உகந்தது 6.7-லிருந்து 7 வரை. வயிற்று அமிலத்தில் அது நின்றுபோகும்.

எனக்குத் தெரிந்து, பள்ளிகளில் மிக மோசமாக நடக்கிற பகுதி இதுதான். பிஎச்சை ஒரே அளவில் நிறுத்துகிற பஃபர் கரைசல் இருக்காது; ஒரு குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்னொன்றில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று சொட்டுக் கணக்கில் ஊற்றிவிடுவார்கள். காரக் குழாயில் அயோடின் இரண்டாவது தடவை ஏமாற்றும். காரத்தோடு சேர்ந்தால் அயோடின் அயோடைடாகவும் அயோடேட்டாகவும் மாறிவிடும். நீலம் கொடுக்க அங்கே அயோடினே இருக்காது. ஸ்டார்ச் அப்படியே இருக்க, சொட்டு வெளிறிப்போகும். ‘காரத்தில் அமைலேஸ் மிக வேகமாகச் செயல்படுகிறது’ என்று முடிவெழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம், தப்பான முடிவோடு.

இதற்கு மருந்து ஒரு குழாய்தான். ஸ்டார்ச், காரம், உமிழ்நீருக்குப் பதில் அதே அளவு தண்ணீர். அதிலும் நீலம் வரவில்லை என்றால் குற்றவாளி காரம். நொதியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கன்ட்ரோல் என்று சொல்கிறோமே, அது இதுதான். நோட்டில் கடைசி வரிசையில் சம்பிரதாயத்துக்கு வரைகிற குழாயாக அதைப் பார்க்கக் கூடாது. ‘இந்தக் குழாயில் எதை எடுத்துவிட்டோம், எதை அப்படியே வைத்தோம்?’ என்று ஒவ்வொரு குழாயையும் காட்டிக் கேட்டால் பதில் சொல்ல வர வேண்டும். தண்ணீர் சேர்த்த குழாய், ஸ்டார்ச் தானாகச் சிதையவில்லை என்பதைக் காட்டுகிறது. கொதிக்க வைத்த உமிழ்நீர் சேர்த்த குழாய், உமிழ்நீரில் இருக்கிற உப்போ வேறு எதுவுமோ இந்த வேலையைச் செய்யவில்லை, சூட்டில் கெடுகிற ஏதோ ஒன்றுதான் செய்தது என்பதைக் காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில்.

டிராப்பர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உமிழ்நீர் எடுத்த டிராப்பரை யாரோ ஒருவர் மறந்துபோய்ப் பொது ஸ்டார்ச் பாட்டிலில் விட்டால் போதும். நொதி வேலை செய்து தீர்ந்துபோவதில்லை; ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே இருக்கும். காலை முதல் பேட்ச்சுக்குக் கருநீலம் கொடுத்த பாட்டில், மத்தியானப் பேட்ச்சுக்கு வெறும் செம்பழுப்பைக் கொடுக்கும். அனுபவமுள்ள லேப் அசிஸ்டென்ட்டுகள் ஸ்டார்ச் பாட்டிலை மேசைகளுக்கு நடுவே வைக்காமல் ஒரு ஓரமாக, அதற்கென்று தனி டிராப்பரோடு வைப்பதன் ரகசியம் இதுதான். உங்கள் சோதனையைத் தொடங்கும் முன் ஸ்டார்ச்சில் ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பாருங்கள். அது கருநீலமாகாவிட்டால் அப்போதே கையைத் தூக்குங்கள்.

நீலம் போனது என்றால் ஸ்டார்ச் போனது. சரி, அது என்னவாயிற்று? இதற்குப் பெனடிக்ட் கரைசல். கொதிநீரில் வைத்தால் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் மாறும். பலர் ‘குளுக்கோஸ்’ என்று எழுதுகிறார்கள். உமிழ்நீர் அமைலேஸ் முக்கியமாகத் தருவது மால்டோஸ். வெறும் உமிழ்நீருக்கும் வெறும் ஸ்டார்ச்சுக்கும் தனித்தனியே பெனடிக்ட் செய்து, இரண்டும் நீலமாகவே நின்றதைக் காட்டினால்தான் சர்க்கரை புதிதாக வந்தது என்று சொல்ல முடியும்.

வீட்டில் ஒத்திகை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஆய்வகம் தேவையில்லை. சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் சேர்த்து ஆறவையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கிற பொவிடோன் அயோடின் கரைசலைத் தண்ணீரில் கலந்தால் வெளிர் பழுப்பாகும். கஞ்சி பட்டால் கருநீலம். வெள்ளைத் தட்டு ஒன்று போதும். உமிழ்நீர் வேண்டாம் என்று நினைத்தால் முளைகட்டிய கேழ்வரகை அரைத்து, தண்ணீர் விட்டு வடிகட்டிய சாறு போதும்; அதிலும் அமைலேஸ் இருக்கிறது. முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி சாதா மாவுக் கஞ்சியைவிட நீர்த்து வருவதற்கும் இதுவே காரணம். 1833-இல் பாரிஸில் பாயன், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் முளைத்த பார்லியிலிருந்துதான் இந்த அமைலேஸைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி அது.

அடுத்த நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கிற கேட்டலேஸ். அதன் சோதனை அமைலேஸ் சோதனையைவிட எளிது. இங்கே நிறம் பார்க்கிற வேலையே இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டால் நுரை பொங்கும். தணல் மட்டும் இருக்கிற ஊதுபத்தியை உள்ளே நீட்டினால் குப்பென்று பற்றும், வந்தது ஆக்சிஜன். பாட்டிலில் ‘20 வால்யூம்’ என்றிருந்தால், ஒரு பங்கு திரவம் 20 பங்கு ஆக்சிஜன் தரும் என்று பொருள். சதவீதத்தில் சுமார் ஆறு. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகவைத்த துண்டில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு காற்றுக் குமிழ்களை வினை என்று எழுதிவிட வேண்டாம். திறந்து பல மாதமான பாட்டில் சத்திழந்திருக்கும் என்பதால், எந்தச் சோதனைக்கும் முன் ஒரு பச்சைத் துண்டில் விட்டுப் பார்த்துவிடுங்கள்.

புண்ணில் பெராக்சைடு விட்டால் பொங்குவதும் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கிற கேட்டலேஸால்தான். 1940-களில் ஜப்பானில் தகஹாரா என்ற காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒரு சிறுமிக்கு வாயில் அறுவை செய்துவிட்டுப் பெராக்சைடு ஊற்றினார். பொங்கவில்லை. ரத்தம் கறுத்துப்போனது. பிறவியிலேயே கேட்டலேஸ் இல்லாதவர்கள் உண்டு என்று மருத்துவ உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான். வராத நுரையைக் கவனித்து எழுதி வைத்ததால் வந்த கண்டுபிடிப்பு.

கடைசியாக, அமைலேஸ் சோதனையின் வரைபடம். வெப்பநிலை ஒரு அச்சில், நீலம் மறைய ஆன நேரம் இன்னொரு அச்சில் என்று போடச் சொல்வார்கள். கொதிக்க வைத்த குழாயில் நீலம் மறையவே இல்லை. அதனால் பல பிள்ளைகள் நேரம் ‘0’ என்று எழுதிவிடுகிறார்கள். பூஜ்ய நிமிஷம் என்றால் விட்ட கணத்திலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். வரைபடத்தில் செயலிழந்த நொதிதான் எல்லாவற்றையும்விட வேகமானதாக நிற்கும். அந்தக் கட்டத்தில் ‘20 நிமிஷம் வரை நீலம் மறையவில்லை’ என்று எழுதுங்கள், நீங்கள் பார்த்த நிமிஷக் கணக்கு எதுவோ அதைப் போட்டு. வரைபடத்துக்கு நேரத்தை வைக்காமல், ஒன்றை நேரத்தால் வகுத்து வருகிற வேகத்தை வையுங்கள். நான்கு நிமிஷமானால் 0.25, பத்து நிமிஷமானால் 0.1. கொதித்த குழாய்க்கு அப்போதுதான் பூஜ்யம் பொருந்தும்.